பாகுமே ஆறாம் நாளும் தொடக்கூடாத நான்கு வரிகளும்

ஜிம்மா,
மெஸ்கெரெம் 5, 2016

என் மதிப்புக்குரிய அண்ணன் தாரிக்கு மெங்கெஷாவுக்கு,

உடன்பிறந்தவள் திர்ஸித் எழுதிக்கொள்வது. நீயும் அண்ணியும் ரோட்டர்டாம் குளிரில் ஒரு தலைவலிகூட இல்லாமல் இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இங்கே உன்னைக் காணாத ஏக்கம் ஒன்றைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா இருந்தபோது சொல்லிக்கொடுத்தாள், ஆகவே எழுதிவிட்டேன். இனி உள்ளது உள்ளபடி. ஏக்கம் இல்லை. குறை நிறைய இருக்கிறது.

நேற்று நீ அனுப்பிய செய்தி இது: “என்னத்த செஞ்சு தொலைச்ச திர்ஸித்? நான் எழுதிக் குடுத்தது நாலு வருஷமா ஒரு தும்மல்கூடப் போடாம ஓடுச்சே!” அப்பா எப்படி இருக்கிறார் என்ற கேள்வி ஏழு நிமிடம் கழித்துத் தனிச் செய்தியாக வந்தது. அந்த ஏழு நிமிடத்தை நான் மன்னித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்பதைத் தெரியப்படுத்தத்தான் இவ்வளவு நீளமான கடிதம். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஃபோனில் நீ நடுவே புகுந்து விளக்கம் சொல்வாய், விளக்கம் முடிவதற்குள் தப்பு என்னுடையதுதான் என்று எனக்கே தோன்றிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் உன்னால் வாய் திறக்க முடியாது.

நீ ஊரைவிட்டுப் போனது 2011, ஹாம்லே மாதம். மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். ஊர்க்காரர்கள் கூடி நடத்தும் நம் சிறுநீரக மையத்தில் இன்றும் ஆறு இயந்திரங்கள்தான். ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்கள் ஐம்பத்து நாலு பேர், ஆளுக்கு வாரத்தில் இரண்டு முறை. மையம் ஓடுவது ஒரு நாளைக்கு மூன்று வேளை. யார் எந்த நாள், எந்த வேளை என்று கணக்குப் பார்த்து முந்தின நாளே அவரவர் ஃபோனுக்குச் செய்தி அனுப்புவது நீ எழுதிவைத்துவிட்டுப் போன நிரல். நீ போனபின் உன் வேலையில் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்வது நான். நீ எழுதியபோது அது மற்றவர்களுடைய அப்பாக்களுக்காக. இரண்டு வருடமாக நம் அப்பாவும் அதில் ஒரு பெயர். திங்கள், வியாழன், முதல் வேளை, ஜன்னலோர நாற்காலி. ஒரு முறை தவறினால் என்னாகும் என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார். உன்னிடம் சொல்லவில்லை, நீ அப்போது லைனில் இல்லை.

இப்போது நான் என்னத்தைச் செய்து தொலைத்தேன் என்று கேள். நெஹாசே மாதத்தில் குறுஞ்செய்தி நிறுவனம் ஒரு அறிவிப்பு அனுப்பியது. புத்தாண்டிலிருந்து பழைய வழியில் செய்தி வாங்கமாட்டார்களாம், புதிய பதிப்புக்கு மாற வேண்டுமாம். மாற்ற வேண்டியது, வெளியார் எழுதியதை நம் நிரலில் கோத்துக்கொண்ட ஒரே ஒரு பேக்கேஜ். அந்த ஒன்றோ, நேரத்தைக் கணக்கிடும் இன்னொரு பேக்கேஜின் புதிய பதிப்பு இல்லாமல் வரமாட்டேன் என்றது. அந்த இன்னொன்று, நம் நாட்காட்டியை ஐரோப்பிய நாட்காட்டியாகவும் அதை இதாகவும் மாற்றிக்கொடுக்கும் மூன்றாவதன் புதிய பதிப்பு இல்லாமல் படியேறமாட்டேன் என்றது. கல்யாணத்துக்கு மூத்த அத்தையைக் கூப்பிட்டால், நடு அத்தை வந்தால்தான் வருவேன் என்பாளே, நடு அத்தை, கடைசி அத்தையிடம் முதலில் மன்னிப்புக் கேள் என்பாளே, அதே கதை. ஆனாலும் நான் பொறுமை இழக்கவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்தேன். எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று தாளில் எழுதி சுவரில் ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பை, சுவிசேஷம் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவில்லை. ஒன்றை மாற்றுவேன், நிரலோடு இருக்கிற நாற்பத்தொரு சோதனைகளையும் ஓட்டுவேன், எல்லாம் தேறிப் பச்சை என்று வந்தால்தான் அடுத்ததைத் தொடுவேன். கடைசி வரை பச்சை. ஒரு வாரம் நகலிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன், அப்போதும் பச்சை. ஜிம்மாவின் மழைக்காலத்து மலைகூட அவ்வளவு பச்சையில்லை. பிறகுதான் சர்வரில் ஏற்றினேன். ஏற்றுமுன் பழைய கோப்புறையை முழுசாக ஓரமாக எடுத்து வைத்தேன். இதற்குமேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும், சொல்.

நீ விட்டுப்போன பதினோரு பக்க அறிவுரையைப் படித்தாயா என்று கேட்பாய். படித்தேன், மூன்று பக்கம். நாலாம் பக்கத்தில் “அவசரப்படாதே” என்பது மூன்றாவது முறையாக வந்ததும் மூடிவிட்டேன். என்னை உனக்கு அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதல் அது ஷெம்ஷியா அக்கா காப்பி ஊற்றும் ஜெபெனாவுக்கு அடியில், மேசை சுடாமல் இருக்க உதவுகிறது. ஷெம்ஷியா அக்காவை ஞாபகம் இருக்கும், தலைமை சிஸ்டர். அவள்தான் சொல்வாள், “ஒங்கண்ணன் எழுதுனதுலயே இதுதான்டி தெனமும் வேல செய்யுது.”

கேள். பாகுமே வந்தது. வருடத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் பதின்மூன்றாவது மாதம், ஐந்தே நாள். நாலு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஆறு நாள். நான்கு சுவிசேஷகர் பெயரில் மாறிமாறி வரும் வருடங்களில் இப்போது முடிந்தது லூக்காவின் வருடம், ஆகவே ஆறு. இது ஜிம்மாவில் தக்காளி விற்கிறவளுக்குத் தெரியும், அவள் தோளில் தூங்குகிற பிள்ளைக்கும் தெரியும். நாட்காட்டிப் பேக்கேஜின் புதிய பதிப்புக்குத் தெரியவில்லை. அதற்கு எல்லா வருடமும் பாகுமே ஐந்து நாள்தான். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் என்ன தேதி என்று நம் நிரல் அதைக் கேட்டிருக்கிறது. மெஸ்கெரெம் ஒன்று, புத்தாண்டு என்று அது வாய்கூசாமல் சொல்லியிருக்கிறது. புத்தாண்டு என்றால் மையத்துக்கு விடுமுறை. உண்மையான புத்தாண்டு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வரவேண்டியவர்களை ஷெம்ஷியா அக்கா ஞாயிறன்றே வரவழைத்து முடித்திருந்தாள். அவர்கள் நாற்காலியில் இருந்தபோதே, திங்கள்கிழமைக்காரர்கள் பதினெட்டுப் பேருக்கும் ஒரு செய்தி போயிருக்கிறது: “நாளை விடுமுறை. உங்கள் முறை வியாழக்கிழமை. மலர்கள் நிறைந்த புத்தாண்டு வாழ்த்துகள்!” போன வியாழன் கழுவிய ரத்தத்தை வரும் வியாழன்வரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மலர்கள் வேறு.

அப்பா என்னிடம் சொல்லவில்லை. திங்கள் விடிந்து அவரைக் கிளப்பப் போனால், போர்வைக்குள்ளிருந்து எழவேயில்லை.

“எழுந்திரிங்கப்பா, நேரமாச்சு.”

“இன்னிக்கு லீவு. செய்தி வந்திருக்கு, பாரு.”

பார்த்தேன். “இது தப்பா வந்திருக்குப்பா. இன்னிக்கு பாகுமே ஆறு. நாளைக்குத்தான் புது வருஷம்.”

“எனக்கும் தெரியும் பாகுமே ஆறுன்னு. நான் என்ன வெள்ளக்காரனா? ஆனா மெஷினுக்கு ஏதோ காரணம் இருக்கும்ல? தாரிக்கு எழுதினது. அவன் காரணமில்லாம எழுத மாட்டான்.”

“எழுதினது அவன்தாம்ப்பா. போன மாசம் மாத்தினது நான்.”

போர்வை விலகியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருடம் காப்பி மூட்டைகளில் தரமுத்திரை குத்திய மனிதர். மூட்டைக்குள் என்ன இருந்தாலும் மேலே இருக்கும் முத்திரைதான் அவருக்கு உண்மை. “அதானே பாத்தேன்,” என்றார். “நல்லா ஓடுறத எதுக்கு நோண்டுற? அச்சுல வந்தது வியாழக்கெழம. நான் வியாழக்கெழம வாரேன்.” மறுபடி போர்வை. முந்தின நாள் விடுமுறைக் குஷியில் எதிர்வீட்டில் காய்ச்சிய தெல்லா பீர் இரண்டு கோப்பை குடித்திருக்கிறார், உப்புக்கறியும் தின்றிருக்கிறார். பாதம் வீங்கி, செருப்பின் வார் பதிந்த இடத்தில் பள்ளம். மூச்சு விடும்போது நெஞ்சில் ஒரு சீட்டி. இது எதையும் அச்சில் போட்டு நான் அவரிடம் நீட்ட முடியவில்லை.

அதற்குள் ஷெம்ஷியா அக்காவின் ஃபோன். “அடி பொண்ணே, ஆறு நாற்காலியும் காலியா கெடக்கு. ஊரே குணமாயிடுச்சா, இல்ல ஊரே செத்துடுச்சா? ரெண்டுல எதுன்னு சொல்லு, அதுக்கேத்த மாதிரி காப்பி போடுறேன்.”

மழையில் ஓடினேன். முதல் காரியமாக, எடுத்து வைத்திருந்த பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்று நாட்காட்டியை மட்டும் இறக்கினேன். அதை இறக்கியதும் நேரம் பார்க்கும் பேக்கேஜ், பழைய நாட்காட்டியோடு நான் பேசமாட்டேன் என்று முகம் திருப்பியது. அதையும் இறக்கினேன். செய்தி அனுப்பும் பேக்கேஜ் செத்தது. அத்தைகள் வந்ததுபோலவே போனார்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. எப்படியோ பாதிப் பழையது பாதிப் புதியதாக ஒட்டுப்போட்டு, பதினெட்டுப் பேருக்கும் “இன்று உங்கள் முறை உண்டு, உடனே வாருங்கள்” என்ற பொருளில் ஒரு செய்தி அனுப்பினேன். அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்து முடிக்கவில்லை, அக்கா தன் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மொத வேள எத்தன மணிக்கு?”

“ஒரு மணிக்கு.”

“இதுல ஏழு மணின்னு போட்டிருக்கே.”

நேரத்தைப் பார்க்கும் பேக்கேஜை இறக்கினேன் அல்லவா, நம் மணியை ஐரோப்பிய மணியிலிருந்து பிரித்துக்கொடுக்கிற வேலையும் அதோடு இறங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிற ஊரில் ஒரு மணி என்றால் இளவெயில். ஏழு மணி என்றால் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். விடியலில் வரவேண்டியவர்களை மதியத்துக்கு வரச்சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் பதினோரு மணி வேளைக்காரர்களை ஐந்து மணிக்கு, அதாவது உச்சிவெயிலுக்கு முன்னமே வரச்சொல்லியிருக்கிறேன். அதோடு நிரலும் படுத்துவிட்டது, பெயர்ப் பட்டியலைக்கூடத் திறக்க முடியவில்லை. திங்கள்கிழமை யார் யார் என்று எனக்கு அப்பா பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? என்னைத் திட்டவில்லை. உள்ளறையில் நோயாளிகளின் போர்வை அலமாரியைத் திறந்தாள். குளிருக்குப் போர்த்திக்கொள்ள அவரவர் ஒரு வெள்ளை கபியை மையத்திலேயே விட்டுப்போவார்கள் அல்லவா, திங்கள்-வியாழன்காரர்களுக்கு மேல்தட்டு. ஒவ்வொன்றாகக் கரையைப் பிடித்துப் பார்த்தாள். “பச்சக் கரை, கொல்லர் பெத்ரு. இது எலி கடிச்சது, அகதோ வாத்தியார். இந்த நாத்தம் அபா ஃபோகி வீட்டு ஆடு, வேற யாருமில்ல. எழுது, எழுது.” பதினெட்டுக் கபி, பதினெட்டுப் பெயர். உன் நாற்பத்தொரு சோதனைகளைவிட அந்த மேல்தட்டுக்கு விவரம் அதிகம். அவள் ஃபோனிலும் என் ஃபோனிலுமாகக் கூப்பிட ஆரம்பித்தோம். கொல்லர் பெத்ரு புத்தாண்டு ஆடு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார், ஆட்டோடு வந்தார். அகதோ வாத்தியார், “இப்ப விடுமுறையா இல்லையா? எழுத்துபூர்வமா குடுங்க,” என்றார். வந்தவர்களை வந்த வரிசையில் உட்காரவைத்தாள் அக்கா. மூன்றாம் வேளைக்காரர்கள் முதலில் சுத்தமானார்கள். நடுப்பகலுக்குள் பதினேழு பேர் வந்துவிட்டார்கள், அல்லது வந்துகொண்டிருந்தார்கள். மேல்தட்டில் மிச்சம் ஒரே ஒரு கபி. அம்மா நெய்யக் கொடுத்தது, நீலக்கரை.

அப்பா ஃபோனை எடுக்கவில்லை. பதினான்கு தடவை. வீட்டுக்கு ஓடலாம் என்றால், யார் எந்த நாற்காலி என்பதைக் கையால் எழுதிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். எதிர்வீட்டுக்குக் கூப்பிட்டேன், “ஐயா சட்ட போட்டு வாசல்லதாம்மா உக்காந்திருக்காரு, கேட்டா ஏழு மணிக்குத்தான் நேரம்ங்கிறாரு,” என்றார்கள். மகள் அழைத்தபோது வராத மனிதர், நான் அனுப்பிய தப்பான செய்தி வந்ததும் அதை மதித்துக் குளித்து, புத்தாண்டுச் சட்டை போட்டு, வாசலில் கடிகாரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியாக ஏழு மணிக்கு, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், மையத்தின் படியேறினார். மூன்றாவது படியில் நின்றார். நாலாவது படிக்கு மூச்சு வரவில்லை. அக்காவும் கொல்லர் பெத்ருவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். எல்லா நாற்காலியிலும் ஆள். பாதியில் இருந்த ஒருத்தி, “மெங்கெஷா ஐயா ஒக்காரட்டும், என்னோடத நாளைக்கு முடிச்சுக்கலாம்,” என்று எழுந்தாள். நாளைக்குப் புத்தாண்டு, மூடல் என்று தெரிந்தும் சொன்னாள். அக்கா அவளை அதட்டி உட்காரவைத்துவிட்டு, அப்பா மூக்கில் ஆக்ஸிஜனை வைத்து, எந்த இயந்திரம் முதலில் முடிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் அவர் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்பதை நான் உனக்கு எழுதப்போவதில்லை. அது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

கடைசியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஓடியபிறகு நிறம் வந்தது. கண் திறந்து என்னைத் தேடினார். கையைப் பிடித்தேன். என்ன சொன்னார் தெரியுமா? “தாரிக்கு எழுதினது சரியாத்தான் இருந்திருக்கும். நீதான் எங்கயோ கைய வச்சிருப்ப.” சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

அண்ணா, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்து தேடினேன். புதிய பதிப்பில் பாகுமே ஐந்து நாள், சரி. பழைய பதிப்பில்? அதிலும் ஐந்து நாள்தான்! அந்தப் பேக்கேஜை எழுதினவர்கள் ஆறாம் நாளை ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் எப்படி நாலு வருடம் முன்னால் வந்த பாகுமே ஆறில் ஒரு தும்மலும் வரவில்லை? ஓரமாக எடுத்து வைத்த பழைய கோப்புறையையும், அதே பழைய பதிப்பை வெளியிலிருந்து புதிதாக இறக்கியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். நான்கு வரி வித்தியாசம். யாரோ பேக்கேஜின் வயிற்றுக்குள்ளேயே கைவிட்டு, ஆறாம் நாளுக்கென்று நான்கு வரியைச் செருகியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வாங்கின பேக்கேஜுக்குள் கையால் எழுதினால் அடுத்த அப்டேட் அதைத் துடைத்துக்கொண்டு போகும் என்பது முதல் மாதம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். எந்தக் குறிப்பிலும் அது இருக்காது, எந்தப் பட்டியலும் அதைக் காட்டாது. கண்ணிவெடியைப் புதைத்துவிட்டு மேலே பூச்செடி வைப்பதுபோல. அந்த நான்கு வரிக்கு மேலே ஒரு குறிப்பு: “இதைத் தொடாதே. பிறகு ஒழுங்காகச் செய்கிறேன்.” கீழே கையெழுத்து. ஆங்கிலத்தில் ஒரு டி, ஒரு புள்ளி, அப்புறம் அப்பாவின் பெயர். டி. மெங்கெஷா.

பிறகு ஒழுங்காகச் செய்கிறாயாம். எந்தப் பிறகு? விமானம் ஏறின பிறகா? நாற்பத்தொரு சோதனை இருக்கிறதே, அதில் பதின்மூன்றாவது மாதத்துக்கு ஒன்றாவது உண்டா? பன்னிரண்டு மாதத்துக்குமேல் உன்னால் யோசிக்க முடியவில்லை, ஐரோப்பாவுக்குப் போகுமுன்னரே நீ ஐரோப்பியன். நான் ஒழுங்காகச் செய்த ஒவ்வொன்றும், நீ ஒழுங்கில்லாமல் செய்த நான்கு வரிமேல் நின்றிருக்கிறது. நான் ஒரு மாதம் கஷ்டப்பட்டு மாற்றினேன், பழி எனக்கு. நீ ஐந்து நிமிடத்தில் ஒட்டுப்போட்டுவிட்டுப் போனாய், நாலு வருடப் புகழ் உனக்கு. அப்பாவுக்கும் அதுதான் சரி. மூட்டைமேல் உன் முத்திரை, உள்ளே சுமக்கிறவள் நான். உன்னைவிட்டால் எனக்கு அண்ணன் இல்லை, இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் மரியாதை இன்னும் குறைந்திருக்கும்.

அண்ணிக்கு என் வணக்கம். ஷெம்ஷியா அக்கா உனக்கு சலாம் சொல்லச் சொன்னாள். சொன்னது கடிதம் எழுத ஆரம்பிக்கும் முன், படித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள். புதிய வருடம் உனக்கு ஆரோக்கியத்தையும், சொன்ன வேலையைச் சொன்ன இடத்தில் முடிக்கிற புத்தியையும் தரட்டும். அப்பா நலம். வியாழக்கிழமை நேரத்துக்கு வந்தார்.

இப்படிக்கு,
டி. மெங்கெஷா

பி.கு.: அனுப்புமுன், நீ மறுத்துப் பேச வழியில்லாமல் அந்தக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியையும் சேர்த்துவிடலாம் என்று போய்ப் பார்த்தேன். பாகுமே 6, 2011. நீ போய் ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. இந்த நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவள், வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம் ஆனவள். மழை பெய்துகொண்டிருந்தது. ஷெம்ஷியா அக்கா ஜன்னலைத் தட்டி, “பட்டியல் வரலடி, ஆள்லாம் நிக்கிறாங்க,” என்றது இப்போது காதில் கேட்கிறது. அவசரத்தில் நான்கு வரி எழுதினேன். பிறகு ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்ததும் ஞாபகம் வருகிறது. அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

ஜெபெனாவைத் தூக்கி உன் பதினோரு பக்கத்தையும் எடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தில், காப்பி வட்டத்துக்கு உள்ளே, உன் கையெழுத்தில் இருக்கிறது: “பாகுமே ஆறாம் நாள் வரப்போகிறது, இந்த நாட்காட்டிப் பேக்கேஜுக்கு அது தெரியாது. அதன் உள்ளே மட்டும் கை வைக்காதே. நம் பக்கத்தில் தனியாக எழுது, அதற்கு ஒரு சோதனையும் சேர். நான் செய்ய நேரமில்லாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள்.”

கடிதத்தைத் திருத்தி எழுதத் தெம்பில்லை. “நீ” என்று வருகிற இடத்திலெல்லாம் “நான்” என்று படித்துக்கொள். கையெழுத்தை மாற்ற வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது.